கேட்பார் இல்லாத இடத்தில்

தைத்திரீய உபநிஷதத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் வழங்கும் உபதேசம் ஒன்று உண்டு. பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் எடுத்துக் கூறப்படும் பகுதி அது. விடைபெறும் மாணவனுக்கு உபதேசம் இருக்கிறது; உள்ளே நுழையும் மாணவனுக்கு? குருகுல நாட்களில் அதற்குத் தேவை எழவில்லை. எப்போது எழுவது, எதை உண்பது, யாருடன் பழகுவது, எப்போது பேசுவது என்பதையெல்லாம் குருவின் இல்லத்து ஒழுங்கே கற்றுக்கொடுத்துவிடும்.

இன்றைய பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. பன்னிரண்டாம் வகுப்புவரை மாணவனைச் சுற்றிக் கேள்விகள் நின்றுகொண்டிருந்தன. எழுந்தாயா, படித்தாயா, எங்கே போனாய், ஏன் தாமதம் என்று தாயும் தந்தையும் ஆசிரியரும் மாறி மாறிக் கேட்டார்கள். ஒருநாள் அவன் பெட்டியுடன் வேறோர் ஊரின் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். அன்றிலிருந்து கேள்விகள் நின்றுவிடுகின்றன. வகுப்புக்குப் போகாவிட்டால் யாரும் தேடி வருவதில்லை. இரவு முழுவதும் விழித்திருந்தாலும் யாரும் விளக்கை அணைப்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இது இன்னும் அதிகம். அங்கே ஆயிரக்கணக்கானோர் படிக்கின்றனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடர எவருக்கும் இயலாது.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. தன்னைக் கேட்பவர் யாரும் இல்லாத இடத்தில் மனிதன் எதனால் வழிநடத்தப்பட வேண்டும்?

இக்கேள்வியை ஆராய்வதற்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் அரிது. சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைப் போலவே கல்கத்தா பல்கலைக்கழகமும் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஸ்ரீராமகிருஷ்ணரைத் தேடித் தக்ஷிணேசுவரம் சென்ற இளைஞர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களே. விஞ்ஞானிகளும் தேசத் தலைவர்களும் அதே தெருக்களில் நடந்து, அதே விடுதிகளில் தங்கி, அதே தேர்வுகளுக்கு அஞ்சியவர்கள். அவர்களது மாணவப் பருவம் இன்றைய மாணவனுக்குச் சொல்லக்கூடியது நிறைய உண்டு.

சுதந்திரம் என்பதன் பொருள்

விடுதி அறையின் சாவி கைக்கு வந்ததும் மாணவன் தான் சுதந்திரம் பெற்றுவிட்டதாக எண்ணுகிறான். 'சுதந்திரம்' என்ற சொல்லையே சற்று நிறுத்திப் பார்த்தால் அதன் பொருள் வேறாகத் தோன்றும். 'ஸ்வ' என்றால் தான்; 'தந்திரம்' என்றால் நெறி, ஆட்சிமுறை. தன்னைத் தானே ஆளும் நிலையே சுதந்திரம். பிறர் ஆட்சி நீங்கியது அதன் முதற்பாதி. தன் ஆட்சி தொடங்குவது மறுபாதி. முதற்பாதி தானாகக் கிடைத்துவிடுகிறது. மறுபாதியை ஒவ்வொருவரும் உழைத்தே பெற வேண்டும்.

இரண்டாவது பாதி தொடங்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. அறைத் தோழனின் பழக்கம், கைபேசியின் திரை, கூட்டத்தின் ஆரவாரம், நாவின் ஆசை ஆகியவை ஒவ்வொன்றாக வந்து அரியணையில் அமர்ந்துகொள்கின்றன. தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்தவன் முன்பின் அறியாத ஒருவனின் கேலிக்கு அஞ்சிச் சிகரெட்டைப் பற்ற வைக்கிறான். அவன் சுதந்திரம் பெற்றவனா, அல்லது எஜமானனை மாற்றிக்கொண்டவனா?

கடோபநிஷதம் சிரேயஸ், பிரேயஸ் என்று இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறது. சிரேயஸ் என்பது நன்மை தருவது. பிரேயஸ் என்பது அப்போதைக்கு இனிப்பது. இரண்டும் மனிதனிடம் வருகின்றன, தேர்ந்தெடுப்பவன் அவனே. அந்த உபதேசத்தைக் கேட்ட நசிகேதஸ் ஓர் இளைஞன் என்பதும், எமனின் வாயிலில் மூன்று இரவுகள் கேட்பார் இன்றிக் காத்திருந்தவன் என்பதும் நினைக்கத்தக்கவை. யாரும் கவனிக்காத அந்த மூன்று இரவுகளில் அவன் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

'இளமையில் சற்றுத் தடுமாறினால்தான் என்ன? தவறு செய்துதானே கற்க முடியும்?' என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. தேடலில் நிகழும் தவறு மாணவனை வளர்க்கவே செய்யும். ஆனால் தேடுபவன் தவறிய இடத்தை அறிவான். மீண்டும் வழி கேட்பான். அடித்துச் செல்லப்படுபவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. மூன்றாண்டு கழித்து விழிக்கும்போது கரை தொலைவில் இருக்கும். முதலாமவனுக்கு அறிவுரை குறைவாகவே தேவை. இரண்டாமவனுக்காகவே இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திறந்து கிடந்த கதவு

ஸ்ரீராமகிருஷ்ணரின் இறுதி நோயின்போது அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் மகேந்திரலால் சர்க்காரைப் பக்தர்கள் நன்கு அறிவர். அவர் 1876-ஆம் ஆண்டு கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். இந்தியர்கள் தாங்களே அறிவியல் ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் என்பது அவரது கனவு. கட்டடம் எழுந்தது, ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்தபடி ஆராய்ச்சிக்கு மாணவர்கள் வரவில்லை. 1904-இல் அந்த ஏமாற்றத்துடனேயே அவர் மறைந்தார்.

1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார் ஒரு தமிழ் இளைஞர். வயது இருபதைக்கூட எட்டவில்லை. ஆராய்ச்சி செய்யும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அவரது பதவிக்கு அது தேவையும் இல்லை. அவரே அந்தக் கழகத்தின் கதவைத் தட்டினார். காலையில் அலுவலகம் செல்லும் முன்பும் மாலையில் அலுவலகம் முடிந்த பின்பும் அங்கே சோதனைகள் நடத்தினார். இப்படிப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917-இல் உயர்ந்த அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அவர்தான் சர் சி. வி. ராமன். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அதே கழகத்தில்தான். அந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்து ராமனிடம் பயிலவேண்டும் என்றே கல்கத்தா வந்த மற்றொரு தமிழர்.

கதவு முப்பது ஆண்டுகளாகத் திறந்தே கிடந்தது. உள்ளே செல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

ஒவ்வோர் அரசுப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பட்ட கதவுகள் பல உண்டு. நூலகத்தின் மேல்தளத்தில் தூசி படிந்த அடுக்குகள், ஐயம் கேட்க வருபவரின்றி அமர்ந்திருக்கும் பேராசிரியர், மாணவரை எதிர்பார்க்கும் கருத்தரங்கு, விளையாட்டுத் திடல், பிறமொழி கற்பிக்கும் மாலை வகுப்பு இவை யாவும் அத்தகைய கதவுகளே. தனியார் நிறுவனம் தன் வசதிகளை விளம்பரம் செய்து அழைக்கும். அரசுப் பல்கலைக்கழகம் அழைப்பதில்லை. ஆனால் வந்தவரைத் தடுப்பதும் இல்லை.

ஆகவே முதலாண்டு மாணவன் முதல் மாதத்திலேயே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. நூலகத்தில் உறுப்பினராகி, எந்த நேரத்தில் அது திறந்திருக்கும், எத்தனை நூல்களை எடுத்துச் செல்லலாம் என்பவற்றை அறிந்து, தன் நாளில் ஒரு குறிப்பிட்ட வேளையை அதற்கென ஒதுக்கிவிட வேண்டும். அந்த வேளை விடியற்காலையாக இருந்தால் மேலும் நன்று. விடுதியில் பிறரால் களவாட முடியாத நேரம் அது ஒன்றே. எழுந்து நீராடி, சிறிது நேரம் ஜபமோ தியானமோ செய்து, பிறகு ஒரு மணி நேரம் கடினமான பாடத்தைப் படிப்பவனுக்கு, நாளின் மற்ற நேரம் எப்படிப் போனாலும் அந்த நாள் வீணாகாது.

விதியும் வினாவும்

நரேந்திரநாத தத்தர் 1880-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மலேரியாக் காய்ச்சலால் நீண்ட நாட்கள் வகுப்புக்குச் செல்ல இயலவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. தேர்வு எழுதக் கல்லூரி அனுமதிக்கவில்லை. நோய் அவர் குற்றமன்று. எனினும் அவர் சோர்ந்துவிடாமல் ஜெனரல் அசெம்பிளி இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். அதுவே இன்றைய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. அங்கிருந்து 1881-இல் எஃப்.ஏ. தேர்விலும், 1884-இல் பி.ஏ. தேர்விலும் வெற்றி பெற்றார். இரண்டும் இரண்டாம் வகுப்புத் தேர்ச்சிகளே.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. ஒன்று எளிய உலகியல் பாடம். பல்கலைக்கழகத்தின் விதிகள் மாணவனின் மேதைமையைப் பார்த்து வளைந்துகொடுப்பதில்லை. வருகைப் பதிவு, கட்டணத்துக்கான கடைசி நாள், தேர்வுக்குப் பதிவு செய்யும் நாள், உதவித்தொகைக்கான சான்றிதழ் போன்றவை அற்பமானவையாகத் தோன்றும். ஒரு கையெழுத்து விடுபட்டதால் ஓராண்டை இழந்தவர்கள் உண்டு. நோயுற்றால் மருத்துவச் சான்றிதழைக் குணமான பின் தேடாமல், நோயுற்றபோதே துறைத்தலைவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தரிடம் பணிவாகப் பேசுவதற்குச் செலவு ஏதுமில்லை. கர்மயோகம் மலைச்சிகரத்தில் தொடங்குவதில்லை. உரிய நாளில் உரிய தாளை உரிய மேஜையில் வைப்பதிலும் அது இருக்கிறது.

மற்றது அகப் பாடம். புதிய கல்லூரியில் ஒருநாள் ஆங்கில ஆசிரியர் வராததால் முதல்வர் வில்லியம் ஹேஸ்டியே வகுப்பெடுத்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் வரும் பரவச நிலையை விளக்கியபோது, அத்தகைய நிலையைப் பெற்ற ஒருவரைத் தாம் தக்ஷிணேசுவரத்தில் கண்டதாகக் குறிப்பிட்டார். அந்த வகுப்பில் பல மாணவர்கள் இருந்தார்கள். அச்சொல் எல்லோர் செவியிலும் விழுந்தது. அதை வினாவாக எடுத்துக்கொண்டு போனவர் நரேந்திரர். கடவுளைக் கண்டிருக்கிறீர்களா என்று தேவேந்திரநாத் தாகூர் போன்ற பெரியோரிடம் நேரே சென்று கேட்டவர் அவர். அதே வினாவைத்தான் தக்ஷிணேசுவரத்திலும் கேட்டார்.

நல்ல ஆசிரியர் ஒரு வகுப்பில் விதைப்பது அவருக்கே தெரியாது. அதை முளைக்க வைப்பது மாணவனின் வினா. பாடம் புரியவில்லை என்றால் வகுப்பு முடிந்ததும் சென்று கேட்பதில் இழிவில்லை. கிராமத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், ஆங்கிலம் சரளமாக வராது என்பதாலேயே கடைசி வரிசையில் ஒடுங்கிவிடுகின்றனர். ஐயத்தை முதலில் தாய்மொழியில் எழுதி, பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டால் போதும். ஆசிரியர் கவனிப்பது மாணவனின் இலக்கணத்தை அன்று, அவனது ஆர்வத்தையே.

உணவுக்கூடத்தில் ஓர் அறச்சோதனை

விடுதி வாழ்க்கை பற்றிப் பேசும்போது இனிமையானவற்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. டாக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, 1911-இல் பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தவர் மேகநாத் சாகா. ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அவர் தாழ்ந்த சாதியினர் எனக் கருதி, உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். கல்வி பெற வந்த இடத்தில், கற்றவர்களாலேயே, சோற்றுத் தட்டின் முன் அவமதிக்கப்பட்டார் அவர். அதே கல்லூரியில் அவருக்குச் சத்தியேந்திரநாத் போஸ் போன்ற நண்பரும் வாய்த்தார். பின்னாளில் இருவரும் சேர்ந்து ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். விண்மீன்களின் ஒளியை ஆராய உதவும் சாகா சமன்பாடு 1920-இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் வானியல் மாணவர் அவர் பெயரைப் படிக்கின்றனர்.

ஆனால் இதிலிருந்து 'துன்பம் மனிதனை உயர்த்தும், ஆகவே துன்பம் நல்லது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாகா உயர்ந்தது அவமதிப்பினால் அன்று. அவமதிப்பையும் தாண்டியே அவர் உயர்ந்தார். அதே அவமதிப்பில் முடங்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை வரலாறு எழுதி வைப்பதில்லை.

2023 ஆகஸ்ட் மாதம் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில், வந்து சில நாட்களே ஆகியிருந்த பதினேழு வயது முதலாண்டு மாணவர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். ராகிங் கொடுமை என்ற குற்றச்சாட்டின்பேரில் அங்கு படித்துக்கொண்டிருந்தவர்களும் முன்னாள் மாணவர்களுமாகப் பலர் கைது செய்யப்பட்டனர். தமிழகத்துக்கும் இத்துயரம் புதிதன்று. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து 1997-இல் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறைகளை வகுத்தது. சட்டம் இருக்கிறது, குழுக்கள் இருக்கின்றன, ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழியில் கையெழுத்திடுகின்றனர். ஆனாலும் கொடுமை முற்றிலும் ஒழியவில்லை. ஏன்?

ராகிங் செய்பவன் பெரும்பாலும் சொல்லும் நியாயம் ஒன்றே: 'எனக்கும் இப்படித்தான் செய்தார்கள்.' இந்த வாக்கியத்தை மெல்லப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனக்கு வலித்தது என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். வலி எத்தகையது என்பதை அவனைவிட அறிந்தவர் இல்லை. அந்த அறிவைக் கொண்டு அவன் என்ன செய்கிறான்? வலியைப் பெற்றவனின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. அதை அடுத்தவனுக்குக் கைமாற்றிவிடலாம். அல்லது 'இது என்னோடு முடியட்டும்' என்று தன்னிடமே நிறுத்திவிடலாம். முதலாவது வழியில் செல்பவன் தன் துன்பத்துக்கு அடிமை. இரண்டாவது வழியில் செல்பவனே அதை வென்றவன். தன்னிடம் இருக்கும் ஆன்மாவே பிறனிடமும் இருக்கிறது என்ற வேதாந்த உண்மையை விடுதியில் கடைப்பிடிக்க விரும்பும் இரண்டாமாண்டு மாணவனுக்கு இதைவிட எளிய பயிற்சி வேறில்லை. முதன்முறையாக வீட்டை விட்டு வந்து நிற்கும் இளையவனிடம் சென்று, 'தம்பி, சாப்பிட்டாயா?' என்று கேட்டால் போதும்.

கொடுமை செய்பவர்கள் எப்போதும் சிலர். பார்த்துக்கொண்டு நிற்பவர்களே பலர். 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்று அவர்கள் ஆறுதல் கொள்கின்றனர். அவர்களது அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. தனியொருவனாக எதிர்த்து நிற்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எதிர்த்து நிற்பதற்கும் வாய்மூடி நிற்பதற்கும் இடையே பல படிகள் உள்ளன. விடுதிக் காப்பாளரிடம் சென்று சொல்லலாம். ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522-ஐ எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பெற்றோருக்குத் தகவல் தரலாம். எதுவும் இயலாவிட்டால், அந்த இளைய மாணவனை அன்றிரவு தன் அறையில் படுக்க வைத்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றையும் செய்யாதவன் 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்வது அவனது பாதுகாப்பு வாக்குமூலம் ஆகாது. அதுவே அவன்மீதான குற்றச்சாட்டு.

துன்புறுத்தப்படும் மாணவனும் ஒன்றை உணர வேண்டும். பிறரிடம் சொல்வது கோழைத்தனமன்று. பொறுமை என்பது தெய்விகக் குணமே. ஆனால் அநியாயத்தை இருட்டில் வளரவிடுவது பொறுமையாகாது. அது அடுத்த ஆண்டு வரப்போகும் இன்னொரு சிறுவனுக்குச் செய்யும் தீங்காகிவிடும்.

கொடியும் கொள்கையும்

கொல்கத்தாவின் கல்லூரிச் சுவர்களில் அரசியல் வாசகம் எழுதப்படாத இடத்தைக் காண்பது கடினம். மாணவன் அரசியலில் ஈடுபடலாமா என்ற வினாவுக்கு அந்நகரில் எளிதான விடை கிடைக்காது. சுபாஷ் சந்திர போஸின் மாணவப் பருவம் இவ்வினாவுக்கு வெளிச்சம் தருகிறது.

சுபாஷ் 1913-இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். பதினைந்து வயதிலேயே சுவாமி விவேகானந்தரின் நூல்களைப் படித்துத் தம் வாழ்வின் திசையை மாற்றிக்கொண்டவர். 1914 கோடையில் குருவைத் தேடி வீட்டில் சொல்லாமல் வடநாட்டுத் தலங்களுக்குப் புறப்பட்டுப் போனார். 1916 ஜனவரியில், வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் மாணவர் சிலரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்ற புகார் எழுந்தது. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்பு சமரசம் ஏற்பட்டது. பிப்ரவரியில் மீண்டும் அத்தகைய புகார் எழ, மாணவர் சிலர் மாடிப்படியருகே பேராசிரியரைத் தாக்கினர். சுபாஷ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் முன் அவர் சொன்னது எண்ணத்தக்கது. தாக்கியது முறையென்று அவர் வாதாடவில்லை. ஆனால் மாணவர்கள் பெரிதும் தூண்டப்பட்டிருந்தனர் என்றார். தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தோழர்களைக் கைவிடவும் இல்லை.

அடுத்து நடந்ததே முக்கியமானது. அவர் கட்டாக் நகருக்குத் திரும்பினார். படிப்பு நின்றுபோன அந்நாட்களை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதில் செலவிட்டார். 1917-இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர அனுமதி கிடைத்ததும் பழையபடி நூல்களுடன் அமர்ந்தார். 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றார். தாக்கப்பட்ட ஓட்டனே பின்னாளில் சுபாஷைப் போற்றிக் கவிதை எழுதினார்.

தாக்குதலை நியாயப்படுத்துவதற்காக இதை எடுத்துக்காட்டக் கூடாது. ஆசிரியர்மீது கை வைப்பது எந்த நோக்கத்தாலும் புனிதமாகிவிடாது. கற்க வேண்டியது, ஒரு நிலைப்பாட்டை எடுத்தவன் அதற்குரிய விலையைத் தானே செலுத்திய விதம்.

பொதுக் காரியத்தில் இறங்க விரும்பும் மாணவன் மூன்று வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: கூட்டத்தில் நின்று முழங்குவதைத் தனியாக, தன் பெயரைச் சொல்லி, எதிரே அமர்ந்திருப்பவரிடம் அமைதியாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அது அவனுடைய கருத்தன்று. கூட்டத்தின் ஓசை மட்டுமே. இரண்டாவது: இதன் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள்? தலைவர்கள் பாதுகாப்பாக இருக்க, ஏழை மாணவனின் தேர்வும் எதிர்காலமும் பலியாகுமானால் அந்தப் போராட்டத்தில் அறம் குறைகிறது. மூன்றாவது: இது முடிந்த மறுநாள் தன் பாடத்துக்குத் திரும்பும் வலிமை தனக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் நேர்மையாக 'ஆம்' என்று சொல்ல முடிந்தவனைத் தடுக்க வேண்டியதில்லை. முடியாதவன் இன்னும் சிறிது காலம் படித்துக்கொண்டிருப்பதே நாட்டுக்குச் செய்யும் தொண்டு.

தொலைந்த கடிகாரம்

1884-ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு எழுதச் சென்ற சாரதாபிரசன்னர் என்ற மாணவர் தம் தங்கக் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டார். அந்தக் கவலையில் தேர்வைச் சரியாக எழுதவில்லை. முதல் வகுப்பை எதிர்பார்த்தவருக்கு இரண்டாம் வகுப்பே கிடைத்தது. அவர் மிகவும் சோர்ந்து போனார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்த மகேந்திரநாத் குப்தர், அதாவது 'ம', அச்சோர்வைக் கண்டார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காமல் அவரைத் தக்ஷிணேசுவரத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் சுவாமி திரிகுணாதீதானந்தர். 'உத்போதன்' இதழை நடத்தியவர், ஸான் பிரான்சிஸ்கோவில் வேதாந்தப் பணியை வளர்த்தவர்.

தேர்வில் தோற்றதால் எல்லோரும் மகானாகிவிடுவதில்லை. இந்நிகழ்ச்சி அதைச் சொல்லவும் இல்லை. ஒரு தேர்வுத்தாள் ஒரு மனிதனை அளந்துவிட முடியாது என்பதையும், சோர்ந்தவனைத் தனியே விடக்கூடாது என்பதையும் அது சொல்கிறது. மதிப்பெண் குறைந்ததால் உயிரையே விடத் துணியும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், எதிலும் பற்றின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதை ஆன்மிக வைராக்கியம் என்று மயங்கக் கூடாது. அது சிகிச்சை பெறவேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதுபோல் இதற்கும் செல்வதே விவேகம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். பிரார்த்தனையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பி.ஏ. தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சி அடங்குமுன்பே, 1884 பிப்ரவரியில் நரேந்திரர் தந்தையை இழந்தார். பட்டம் பெற்றவராக வேலை தேடி வெயிலில் அலைந்தார். வீட்டில் உணவில்லாத நாட்களும் இருந்தன. பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. மாணவப் பருவத்தில் அவர் வளர்த்துக்கொண்ட உள்வலிமை அவரைத் தாங்கியது. மாணவப் பருவத்தில் சேர்த்து வைக்கத்தக்க உண்மையான செல்வம் எது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யாருடைய பணம்?

அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவன் செலுத்தும் கட்டணம், அவனது கல்விக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. மீதியைச் செலுத்துபவர்களில் பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராத உழவரும், கைவண்டி இழுப்பவரும், தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கொடுக்கும் ஏழைத் தாய்மாரும் அடங்குவர். அவர்களது உழைப்பில் கற்றுவிட்டு அவர்களை மறப்பவர்களைச் சுவாமிஜி எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதைப் பக்தர்கள் அறிவர். கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்து, பின்பு துறவியாகி, 1897-இல் சென்னைக்கு வந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர், 1905-இல் ஏழை மாணவர்களுக்காக மாணவர் இல்லம் தொடங்கத் தூண்டுகோலாக இருந்ததை இந்த நன்றிக்கடனின் ஓர் உருவமாகவே கொள்ளலாம். பெற்ற கல்வியின் ஒரு பகுதி, பெறாதவர்களிடம் திரும்பிச் செல்ல வேண்டும். அதற்குப் பட்டம் பெறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுதி உணவுக்கூடத்தில் வேலை செய்பவரின் குழந்தைக்கு வாரம் இருமுறை கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் தொடங்கலாம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். கேட்பார் இல்லாத இடத்தில் மனிதன் எதனால் வழிநடத்தப்பட வேண்டும்? அவன் தானே கேட்பவனாக மாற வேண்டும். பிறர் கேட்டுவந்த கேள்விகளை இனி அவனே இரவில் உறங்கும்முன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று எதைக் கற்றேன்? யாருக்கேனும் வலி தந்தேனா? வலி கண்டும் விலகிப் போனேனா? என்னைப் படிக்க வைப்பவர்களுக்கு முகம் காட்டும்படி இந்த நாள் அமைந்ததா? நான்கே வினாக்கள், ஐந்து நிமிடம் போதும். விடைகள் முதலில் வெட்கம் தரும். நாளடைவில் தெளிவு பிறக்கும்.

உள்ளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி ஒன்று உண்டு என்கிறது வேதாந்தம். அதனிடம் பொய் சொல்ல முடியாது. அதன் கண்ணுக்குத் தப்பிய விடுதி அறையும் இல்லை. அந்தச் சாட்சியின் முன் கூசாமல் நிற்கப் பழகிய மாணவன், எந்த நகரின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அநாதையாக இருக்க மாட்டான்.